குருத்தணு வளர்ப்பு: ஆய்வுக்கூடம் முதல் அபர்டீன் பஜார் வரை

அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகரில், மணிக்கூண்டை ஒட்டி அமைந்த பெரிய கடைவீதி அபர்டீன் பஜார். போர்ட் பிளேர் என்ற நகரின் பெயர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டபோதிலும், கடைவீதி பழைய பெயராலேயே மக்கள் நாவில் வழங்கி வருகிறது. தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் ஒருங்கே ஒலிக்கும் இவ்வீதியில், நாட்டின் ஏனைய கடைவீதிகளில் உள்ளது போலவே, வெற்றிலை பாக்கும் அவற்றோடு சேரும் சுண்ணாம்பும் உண்டு. நீர்த்த சுண்ணாம்பைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து விற்பது இன்று நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படும் வழக்கம். அவ்வுறையை விளையாட்டாகப் பிதுக்கும் குழந்தையின் கண்ணில் சுண்ணாம்பு பீறிட்டுத் தெறிப்பது, இந்தியக் கண் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ள விபத்துகளுள் ஒன்றாகும்.

குருத்தணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் சிதைந்த உறுப்புகளைப் புதுப்பிக்கும் மருத்துவத்தைப் பற்றிய கட்டுரையைச் சுண்ணாம்பு உறையிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இத்துறையில் ஏட்டளவில் நின்றுவிடாமல் நோயாளியின் உடலில் பயன் தந்து நிலைபெற்ற முறைகளுள் முன்வரிசையில் நிற்பது, சுண்ணாம்பும் அமிலமும் அழித்த கண்ணின் மேற்பரப்பை மீட்கும் முறையே ஆகும். இதில் நம் நாட்டின் பங்கு சிறியதன்று. ஆய்வுக்கூட வளர்ப்பை மேம்படுத்துவது என்றால் என்ன, அதற்காகும் செலவை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினாக்களுக்கும் இத்துறையே தெளிவான விடை தருகிறது.

விழியின் விளிம்பில்

கார்னியா எனப்படும் கருவிழிப் படலம் கண்ணின் முன்புறச் சாளரம். அதன் மேற்புற அடுக்கிலுள்ள அணுக்கள் இடைவிடாது தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உதிர்ந்தவற்றின் இடத்தை நிரப்பும் புதிய அணுக்கள் எங்கிருந்து வருகின்றன? கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் மெல்லிய வளையமாகிய லிம்பஸிலிருந்து வருகின்றன என்னும் கருத்தை நார்வே நாட்டு ஆய்வாளர் இருவர் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1980-களில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. அவ்வளையத்தில் உறையும் குருத்தணுக்கள், வயலுக்கு நாற்று அளிக்கும் நாற்றங்கால் போல, வாழ்நாள் முழுவதும் கருவிழிக்குப் புதிய அணுக்களை அனுப்பி வருகின்றன.

சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, மேலும் உட்செல்வதை ஓரளவு தானே தடுத்துக்கொள்ளும். காரமோ அணுச்சவ்வின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாக ஊடுருவும். நாற்றங்கால் அழிந்தபின், அதுகாறும் வேலிக்கு வெளியே நின்ற வெண்விழிச் சவ்வு இரத்தக் குழாய்களோடு கருவிழியின்மீது படர்கிறது. சாளரம் மூடிக்கொள்கிறது. இந்நிலையில் இறந்தவர் கண்ணிலிருந்து பெற்ற கருவிழியைப் பொருத்தினாலும் அது நிலைப்பதில்லை. புதிய படலத்தின் மேலடுக்கைப் புதுப்பிக்க நாற்று இல்லை என்பதே காரணம். கண் தானம் பெருகினால் எல்லாப் பார்வையின்மையும் தீரும் என்று பொதுமேடைகளில் கூறப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இவ்வகை நோயாளிகளுக்கு அக்கூற்று பொருந்தாது.

இங்கு ஒன்றை இடையிட்டுச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு பட்ட கண்ணை அக்கணமே தூய நீரால், அரைமணி நேரமாவது, இமைகளை விரித்துப் பிடித்து இடைவிடாது கழுவிவிட்டுப் பின்னரே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இமையின் உட்புறத்தில் ஒட்டிய துணுக்குகளை மருத்துவர் அகற்ற வேண்டும். இப்பணத்துக்குப் பெறாத சிகிச்சைக்கு ஈடான குருத்தணுச் சிகிச்சை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வளர்ப்பில் நேரும் இடர்கள்

குருத்தணுவுக்கு இரு இயல்புகள் உண்டு. தன்னைப் போன்ற மற்றொரு குருத்தணுவைத் தோற்றுவித்தல் ஒன்று. குறிப்பிட்ட தொழிலுக்குரிய முதிர்ந்த அணுவாக மாறுதல் மற்றொன்று. உடலில் இவ்விரண்டையும் சமன்செய்வது அது வாழும் சூழல். அண்டை அணுக்கள் அனுப்பும் வேதிக் குறிப்புகள், அடித்தளத்தின் மென்மை, குறைந்த அளவு உயிர்வளி ஆகியவை சேர்ந்ததே அச்சூழல். கடினமான பிளாஸ்டிக் தட்டில், வெளிக்காற்றின் அளவு உயிர்வளியில், செயற்கை ஊடகத்தில் இடப்பட்ட அணு தன் குருத்துத் தன்மையை விரைவில் இழந்து முதிரத் தொடங்குகிறது. பலமுறை பிரித்துப் பிரித்து வளர்த்தால் குரோமோசோம்களில் பிழை நேரும் வாய்ப்பும் மிகுகிறது. இரத்தக் குருத்தணுக்கள் இவ்வகையில் மிகவும் பிடிவாதமானவை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பல பத்தாண்டுகளாக நடைபெற்று வந்தாலும், அவ்வணுக்களை வேண்டிய அளவு பெருக்கித் தரும் எளிய வழி இல்லாமையால், கொடையாளரிடமிருந்து எடுத்ததையே பெரும்பாலும் அப்படியே செலுத்துகின்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு அவர்தம் குருத்தணுக்களிலேயே குறைபட்ட மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்திய சோதனையின் முடிவுகள் 2024-ஆம் ஆண்டு இறுதியில் வெளியாயின. அதிலும் அணுக்களைப் பெருக்குவது நோக்கமன்று. மரபணுவை ஏற்கும் வரை குருத்துத் தன்மை கெடாமல் காப்பதே நோக்கம்.

தோலும் கருவிழியும் இவ்வகையில் இணக்கமானவை. அமெரிக்காவில் ரைன்வால்ட், கிரீன் என்னும் அறிஞர் இருவர் 1975-ஆம் ஆண்டில் மனிதத் தோலணுக்களைத் தொடர்ந்து பெருக்கும் முறையை வெளியிட்டனர். எலியிலிருந்து பெற்ற அணுக்களை, கதிரியக்கத்தால் அவை பெருகாதபடி செய்து, தட்டின் அடியில் பரப்பினர். தாம் பெருகாமல் மற்றோர் அணுவுக்கு வேண்டிய பொருள்களைச் சுரந்து வளர்க்கும் இவற்றைச் செவிலி அணுக்கள் எனலாம். உடலின் பெரும்பகுதி வெந்துபோன இரு சகோதரச் சிறுவர்களுக்கு 1983-ஆம் ஆண்டில் இம்முறையில் வளர்த்த தோல் பொருத்தப்பட்டது. இதே வழியைப் பின்பற்றி, இத்தாலியில் பெலெக்ரீனி, டி லூகா குழுவினர் கண்ணின் விளிம்பு அணுக்களை வளர்த்து நோயாளிக்குப் பொருத்திய செய்தி 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இம்முறையில் இரு குறைகள் உண்டு. எலியின் அணுவோடு வளர்ந்த மனித அணுவை மீண்டும் மனித உடலில் வைப்பது ஒன்று. அணுக்களுக்கு ஊட்டமாக இடப்படும் கன்றுக் கருவின் சீரம் மற்றொன்று. கருவுற்ற பசுக்கள் வெட்டப்படும்போது கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் இச்சீரம் ஒரு தொகுதியைப் போல் மறுதொகுதி இராது. விலங்கு நோய்கள் கடந்து வரும் அச்சமும் அதில் உண்டு. நோயாளியின் சொந்தச் சீரத்தையும், இரத்தத் தட்டணுக்களின் சாற்றையும், உட்பொருள்கள் யாவும் அளவறிந்து சேர்க்கப்பட்ட சீரமற்ற ஊடகங்களையும் நாடி ஆய்வாளர்கள் சென்றதன் காரணம் இதுவே. வளர்ப்பை மேம்படுத்தும் முயற்சிகளுள் பெரும்பகுதி இந்த ஒரு பொருளை அகற்றுவதில் செலவாகியுள்ளது என்றால் மிகையன்று.

எண்ணிக்கையா, தரமா?

உற்பத்தியை எண்ணிக்கையால் அளக்கப் பழகிய நம் போன்றோருக்கு இத்துறை ஒரு பாடம் வைத்திருக்கிறது. இத்தாலியக் குழுவினர் 112 நோயாளிகளைப் பற்றிய தம் முடிவுகளை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 76.6 விழுக்காடு கண்களில் மேற்பரப்பு நிலையாக மீண்டது. தோல்விகளின் காரணத்தை ஆராய்ந்தபோது, பொருத்தப்பட்ட அணுக்களின் மொத்தத் தொகை அதனை விளக்கவில்லை. பி-63 என்னும் புரதத்தை மிகுதியாகக் கொண்ட அணுக்கள், பெருகும் திறனுடைய அணுக்களுள் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்த வளர்ப்புகளில் வெற்றி 78 விழுக்காடு. 3 விழுக்காடும் அதற்குக் கீழும் இருந்தவற்றில் 11 விழுக்காடு மட்டுமே. நூற்றில் மூன்று அணுக்கள் ஒரு கண்ணின் விதியைத் தீர்மானிக்கின்றன. தட்டு நிறைய அணுக்கள் பெருகியிருப்பதைக் கண்டு மகிழ்வதற்கு இல்லை. அவற்றுள் நாற்று எத்தனை, பதர் எத்தனை என்று பிரித்தறிய வேண்டும்.

இப்பிரித்தறிதலில் தமிழகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. மதுரை அரவிந்த் கண் மருத்துவ ஆராய்ச்சியாளர் முத்துக்கருப்பன் முதலியோர், பி-63 மிகுதியாகவும், அணுவின் அளவோடு ஒப்பிடுகையில் உட்கரு பெரிதாகவும் உள்ள அணுக்களே விளிம்புக் குருத்தணுக்களாகக் கருதத்தக்கவை என 2005-ஆம் ஆண்டில் காட்டினர். ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டைச் சேர்த்துப் பார்ப்பது அம்முறையின் சிறப்பு. சென்னை சங்கர நேத்ராலயாவில், குளிரில் நீர்மமாகவும் வெப்பத்தில் கூழாகவும் மாறும் ஒரு பலபடிப் பொருளில் விளிம்பு அணுக்களை வளர்த்து முயல்களுக்குப் பொருத்திய ஆய்வு 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தட்டின் கடினத்தைத் தவிர்ப்பதும், அணுக்களைச் சிதைக்காமல் எடுப்பதும் இதனால் எளிதாகின்றன.

ஐதராபாத்தில் நடந்தது

திரைப்படத் துறையில் புகழ்பெற்ற எல்.வி. பிரசாத் அளித்த கொடையின் துணையோடு 1987-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட கண் மருத்துவ நிறுவனம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விளிம்பு அணு வளர்ப்பில் இறங்கியது. டாக்டர் வீரேந்தர் சங்வான் முதலியோர் செவிலி அணுக்களையே கைவிட்டனர். மகப்பேற்றின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வைத் தூய்மை செய்து, அதன்மேல் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து எடுத்த சிறு திசுவை வைத்து வளர்த்தனர். பத்து முதல் பதினான்கு நாட்களில் அணுக்கள் சவ்வின்மேல் படர்ந்தன. சவ்வோடு சேர்த்து அவற்றை நோயுற்ற கண்ணில் பொருத்தினர். எலி அணுவும் இல்லை. காலப்போக்கில் கன்றுக் கருவின் சீரமும் நோயாளியின் சொந்தச் சீரத்துக்கு இடம் கொடுத்தது. இவ்வாறு சிகிச்சை பெற்ற 200 கண்களின் பத்தாண்டுக் கணக்கு 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றுள் 142 கண்களில், அதாவது 71 விழுக்காட்டில், மேற்பரப்பு நிலைபெற்றது.

அடுத்த ஆண்டிலேயே இக்குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். வளர்ப்பதற்குத் தட்டும் தூய்மை அறையும் எதற்கு, நோயாளியின் கண்ணே வளர்ப்புத் தட்டாக அமையாதா என்று வினவினர். நல்ல கண்ணிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள திசுவை எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக்கி, நோயுற்ற கண்ணின்மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் ஃபைப்ரின் பசையால் ஒட்டினர். அணுக்கள் அங்கேயே பெருகிப் படர்ந்தன. சங்வான், சயன் பாசு, ஷீலா மேக்நீல், பாலசுப்பிரமணியன் ஆகிய நால்வரும் 2012-ஆம் ஆண்டில் ஆறு நோயாளிகளைக் கொண்டு இதனை அறிவித்தனர். 125 கண்களைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு அறிக்கையில் வெற்றி 76 விழுக்காடு. நோயாளிகளும் பின்தொடர்ந்த காலமும் வேறு வேறாதலின், மேற்கூறிய விழுக்காடுகளை அருகருகே வைத்து எது சிறந்தது எனத் தீர்ப்பளிப்பது முறையன்று. ஆனால், ஆய்வுக்கூடத்தைத் தவிர்த்ததனால் பலன் சரிந்துவிடவில்லை என்பது தெளிவு. நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதற்கும் நேரடியாக விதைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த உழவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

செலவும் நாட்களும்

ஐரோப்பாவில், இத்தாலிய முறையில் தயாராகும் ஹோலோகிளார் என்னும் பொருள் 2015-ஆம் ஆண்டில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. குருத்தணுக்கள் அடங்கிய மருந்துகளுள் அங்கு முதன்முதலாக அனுமதி பெற்றது இதுவே. பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டில் அதன் பட்டியல் விலை ஒரு கண்ணுக்கு 80,000 பவுண்டு. ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளிவந்த 36 மணி நேரத்துக்குள் அதனைப் பயன்படுத்தியாக வேண்டும், குளிர்ப்பெட்டியிலும் வைக்கலாகாது.

இவ்விலை ஏன்? பொருளியல் பயின்றவர்களுக்கு இதில் புதிர் இல்லை. தூய்மை அறையின் காற்று இரவும் பகலும் வடிகட்டப்பட வேண்டும். வெப்பமும் கரியமில வாயுவும் மாறாது காக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் கிருமிச் சோதனைக்கு உட்பட வேண்டும். நோயாளி ஒருவரே வந்தாலும் இந்நிலைச் செலவு குறைவதில்லை. மேலும், நோயாளியின் சொந்த அணுவை அவருக்கே வளர்த்துத் தருவதாகையால், ஒரு தொகுதியின் விளைவு ஒரு நோயாளிக்கு மட்டுமே; பெருமளவு உற்பத்தியால் விலை குறையும் என்ற விதி இங்குச் செல்லாது.

அத்துடன், கணக்கேட்டில் ஏறாத செலவும் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. சென்னையிலிருந்து கடல்வழித் தொலைவு 1,300 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். 36 மணி நேரமே தாங்கும் பொருளுக்குக் கப்பல் உதவாது என்பது ஒருபுறம் இருக்க, அபர்டீன் பஜாரில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் கண் இவ்வாறு கெட்டதாகக் கொள்வோம். வளர்ப்பு முறையில் அவருக்குத் திசு எடுக்க ஒரு முறையும், பொருத்த ஒரு முறையும் அறுவை தேவை. இடையிலுள்ள இரு வாரமும் அவரும் உடன் சென்றவரும் தீவினர் மெயின்லேண்ட் என்று சொல்லும் பெருநிலத்தில் தங்கியிருக்க வேண்டும், அல்லது இருமுறை போய்வர வேண்டும். நாட்கூலி அத்தனை நாளும் இல்லை. ஐதராபாத் முறையில் அறுவை ஒன்று. திசு எடுப்பதும் ஒட்டுவதும் ஒரே அமர்வில் முடிகின்றன.

ஆகவே, வளர்ப்பு மேம்பாட்டை அணுக்களின் தொகையாலோ கருவிகளின் நவீனத்தாலோ மட்டும் அளப்பது போதாது. நோயாளியின் கண்ணுக்கும் அணுவுக்கும் இடையே எத்தனை நாள், எத்தனை படி, எத்தனை பயணம் குறைந்தன என்பதும் அளவுகோலில் சேர வேண்டும் என்பது என் கருத்து. இந்த அளவுகோலால் பார்த்தால், செவிலி அணுவை நீக்கியதும் சீரத்தை மாற்றியதும் பின்னர் தட்டையே நீக்கியதும் ஒரே திசையில் நடந்த தொடர்ச்சியான மேம்பாடுகளே.

இரு கண்களும் இழந்தோர்

இதனால் ஆய்வுக்கூடங்கள் வேண்டா என்று முடிவு கட்டிவிடலாகாது. ஐதராபாத் முறைக்கு நலமான மற்றொரு கண்ணின் விளிம்பு வேண்டும். இரு கண்களும் வெந்தவருக்கு அது கிட்டாது. பிறர் திசுவைப் பயன்படுத்தினால், உடல் அதனைத் தள்ளாதிருக்கப் பல காலம் மருந்து உண்ண வேண்டும். இங்கேதான் வளர்ப்பு மீண்டும் இன்றியமையாததாகிறது. ஜப்பானில் நிஷிதா குழுவினர், நோயாளியின் வாயின் உட்சவ்விலிருந்து எடுத்த அணுக்களைத் தாளாக வளர்த்து, இரு கண்களும் கெட்ட நால்வருக்குப் பொருத்திய செய்தியை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய தட்டின் மேற்பரப்பு வெப்பம் குறைந்தால் தன் பற்றை விடும் இயல்புடையது. நொதிகளைக் கொண்டு சுரண்டாமல், தட்டைக் குளிர்வித்தே அணுத்தாளை முழுமையாக எடுத்துவிடலாம். முதிர்ந்த அணுக்களைக் குருத்து நிலைக்குத் திருப்பும் யமனாகாவின் கண்டுபிடிப்பு 2006-இல் எலி அணுக்களிலும் 2007-இல் மனித அணுக்களிலும் வெளியாகி, 2012-இல் நோபல் பரிசு பெற்றது. அவ்வழியில் உருவாக்கிய கருவிழி அணுத்தாளை நிஷிதா குழுவினர் 2019-இல் தொடங்கி நான்கு நோயாளிகளுக்குப் பொருத்தி, முடிவுகளை 2024-இல் அறிவித்தனர். ஒரே அணுவகையிலிருந்து பலருக்கு வேண்டியதை வளர்க்க இயலுமாதலின், நிலைச் செலவு பலர்மீது பரவும் வாய்ப்பு இங்கு உண்டு. நால்வரைக் கொண்டு முடிவு கூறுவதற்கில்லை எனினும், வளர்ப்பு ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் செல்லத்தக்க திசை இதுவென்றே தோன்றுகிறது.

அலுவலர்கள் கவனத்துக்கு

குருத்தணு என்னும் சொல்லின் கவர்ச்சியை முதலாக்கி, மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைகளைப் பெருந்தொகைக்கு விற்பவர்களும் நாட்டில் தோன்றினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் ஆராய்ச்சி, சிகிச்சை என்னும் இரு சொற்களும் இருந்தன. 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிகிச்சை என்ற சொல் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்நிலையையே தொடர்ந்தது. ஒரு சொல்லை நீக்கியதில் அடங்கிய கொள்கை பெரிது: மெய்ப்பிக்கப்படாதது ஆராய்ச்சி, அதற்கு நோயாளியிடம் கட்டணம் பெறலாகாது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள், குருத்தணுவிலிருந்து உருவாக்கப்படும் பொருளைப் புதிய மருந்து என வரையறுத்தன. உதவித்தொகை கோரி வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலர், குருத்தணுச் சிகிச்சை எனக் கண்டவுடன் ஒப்புவதும் தவறு, மறுப்பதும் தவறு. எந்த நோய், யாருடைய அணு, வளர்க்கப்பட்டதா அல்லவா என்னும் மூன்று வினாக்களையாவது கேட்க வேண்டும்.

தீவுகளைப் பொறுத்தவரை, அணு வளர்ப்புக்கான தூய்மை அறை ஒன்றை அங்கு நிறுவ வேண்டும் எனக் கோருவதற்குப் பொருளாதார நியாயம் இல்லை. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளுக்காக அது இரவும் பகலும் இயங்க வேண்டியிருக்கும். 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தமான் நிகோபார் மருத்துவ அறிவியல் கழகமும், அதனோடு இணைந்த கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும் உள்ள நகரில் கோரத்தக்கவை வேறு: ஒட்டு முறையில் பயிற்சி பெற்ற கண் அறுவை மருத்துவர், ஃபைப்ரின் பசை, பனிக்குடச் சவ்வு. இவற்றுள் சவ்வைக் கொண்டு சேர்ப்பதே கடினம். உறைநிலையில் காக்கப்படும் சவ்வுக்கு ஆழ்குளிர்ப் பெட்டியும் தடைபடாத மின்சாரமும் வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி, சவ்வை உலர்த்திக் காமாக் கதிரால் கிருமிநீக்கிப் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. அது சாதாரண அறை வெப்பத்திலேயே கெடாமல் இருக்கும். தீப்புண்களுக்கு மேற்போர்வையாகப் பயன்படுகிறது. உலர்சவ்வைக் கண் அறுவையிலும் பயன்படுத்தும் முயற்சிகள் பிற நாடுகளில் நடந்துள்ளன. கப்பலில் மூன்று நாள் பயணம் செய்தும் கெடாத சவ்வொன்றைக் கண்ணுக்கு ஏற்றதாகச் சோதித்து நிலைப்படுத்துவது, தீவுகளின் மருத்துவக் கழகமும் பெருநிலத்துக் கண் மருத்துவமனை ஒன்றும் சேர்ந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.